அழித்து எழுதிய பதில்

மேம்பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்த சிட்டுவை யாரோ பார்த்து இறக்கி, ஆஸ்பத்திரியில் சேர்த்ததை இந்தக் கதையைத் தொடர்ந்து படித்துவருகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். சிட்டுவுக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு ஒரே பெண். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு நடந்ததற்கு வீட்டில் யாரும் பெயர் வைக்கவில்லை. பேச்சில் வந்தே தீரவேண்டும் என்றால் 'அந்த நாள்' என்பார்கள். சொன்ன கையோடு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவார்கள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் அவர்களைக் குடும்ப ஆலோசனை மையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். வாராவாரம் மூன்று பேரும் போய்வருகிறார்கள். இன்று மதியமும் போகவேண்டும்.

காலையிலிருந்தே அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். பெரிய படுக்கை விரிப்பை இரண்டு பேர் சேர்ந்து மடிப்பதுதான் அங்கே வழக்கம். அவள் ஒருத்தியே நான்கு மூலையையும் கைக்குள் கொண்டுவந்து, நுனி பிசகாமல் மடித்து அடுக்கிவிடுவாள். இன்றோ, இஸ்திரி போடும் ரோலரிலிருந்து சூடாக வந்து விழுந்த விரிப்புகள் அவள் முன்னால் மலைபோல் குவிந்துகொண்டே போயின. பக்கத்து மேஜைக்காரி வந்து ஒரு முனையைப் பிடித்தாள்.

"என்னக்கா, இன்னிக்கு விரிப்பு உங்களை மடிச்சுடும் போல இருக்கே" என்றாள்.

மடிப்பக்கா சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செய்த காரியம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

போன வாரம் ஆலோசகர் மூவர் கையிலும் ஆளுக்கொரு கேள்வித்தாளைக் கொடுத்திருந்தார். முதல்முறை மையத்துக்குப் போனபோது நிரப்பிக்கொடுத்த அதே தாள்தான். அன்றைக்கு வீடு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மறுபடியும் கேட்கிறார்கள். பெயர்தான் கேள்வித்தாள், உள்ளே இருந்தவையெல்லாம் வெறும் வாக்கியங்கள். 'எங்கள் வீட்டில் ஒருவர் மனம் நொந்திருந்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும்.' 'முக்கியமான விஷயங்களைப் பேசாமல் தள்ளிப்போடுகிறோம்.' 'நான் இருக்கிறபடியே என்னை இந்த வீடு ஏற்றுக்கொள்கிறது.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே வரிசையாக வட்டங்கள். 'முழுக்க உண்மை'யில் தொடங்கி 'கொஞ்சமும் உண்மையில்லை'யில் போய் முடியும். தனித்தனியாக உட்கார்ந்து, அவரவர் மனதில் பட்ட வட்டத்தைப் பென்சிலால் நிரப்பி, அவரவர் உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும். இது பரீட்சை இல்லை, மார்க் கிடையாது, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் ஆலோசகர் கொடுத்தார்.

மார்க் கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதவள் மடிப்பக்கா. அதற்குக் காரணமும் இருந்தது. அந்த நாள், ஆஸ்பத்திரி நடைபாதையில் அவள் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது இரண்டு நர்ஸுகள் பேசிக்கொண்டே கடந்துபோனார்கள். வீட்டுச் சூழ்நிலை சரியில்லையென்றால் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள், வார்டிலேயே வைத்துக்கொள்வார்கள் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். யாரைப் பற்றிச் சொன்னாளோ தெரியாது. ஆனால் அந்தப் பேச்சு மடிப்பக்காவின் காதில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது.

ஞாயிறு மாலை அவளுடைய வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில் தன் தாளைப் போட்டு, பென்சிலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக ஓட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றுக்கும் முழுக்க உண்மை. படித்துப் பார்த்தீர்களா என்று அவள் கேட்டதற்கு, படிக்க என்ன இருக்கிறது, நம் வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று எழுந்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் எதற்கும் அதிகம் உட்கார்வதில்லை. கூப்பிடாத வேலைக்கும் ஓடுகிறார். சாப்பாட்டைக் கொறித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். மகளை நினைத்து ஆளே மாறிப்போனார் என்று மடிப்பக்கா தன்னைத் தேற்றிக்கொள்வாள்.

அவளும் தன் தாளை நல்லபடியாகவே நிரப்பினாள். சந்தேகம் வரக்கூடாதே என்று இடையில் ஓரிரண்டு இடத்தில் மட்டும் ஒரு படி இறங்கினாள். சிட்டு தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் எழுதினாள். பிறகு உறையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். உறை ஒட்டப்படவில்லை.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மடிப்பக்கா அதைப் பிரித்தாள்.

ஏறக்குறைய எல்லா வட்டமும் வலது ஓரத்தில் இருந்தது. கொஞ்சமும் உண்மையில்லை. கொஞ்சமும் உண்மையில்லை. 'தாங்க முடியாத நிலை வந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்வேன்' என்ற வாக்கியத்துக்கு எதிரே பென்சிலை அழுத்திய அழுத்தத்தில் தாள் பின்பக்கம் புடைத்திருந்தது.

இதைப் பார்த்தால் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். அந்த ஒரு நினைப்புதான் ஓடியது. ரப்பரை எடுத்தாள். ஒவ்வொன்றாக அழித்து, இடதுபக்கமாக நகர்த்தி நிரப்பினாள். துகளை ஊதித் தள்ளினாள். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் உறை பழைய இடத்தில் இருந்தது.

மதியம் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவள் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, அப்பாவும் மகளும் வாசலில் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்கள். மையம் ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் உண்டு. ஆனால் அப்பா அதன் கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இதில் ஏறுவதைவிட நடப்பது உடம்புக்கு நல்லது என்று வாராவாரம் சொல்வார். இந்த வாரமும் சொன்னார். சிட்டு சிரிக்கவில்லை. மூவரும் படியேறினார்கள்.

அறையில் வட்ட மேஜை, நான்கு நாற்காலி, நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. ஆலோசகர் மடிப்பக்காவைவிட வயதில் சின்னவர். உறைகளை முந்தாநாளே வாங்கிவைத்திருந்தார். கணக்குப் பார்த்து ஒரு படமும் வரைந்துவைத்திருந்தார். அப்பாவுக்கு நீலம், அம்மாவுக்குப் பச்சை, சிட்டுவுக்கு ஆரஞ்சு. முதல்முறை வந்தபோது மூன்று கோடும் மூன்று உயரத்தில் கிடந்தன. நீலம் உச்சியில், பச்சை நடுவில், ஆரஞ்சு தரையில். இந்த முறை மூன்றும் மேலே போய் ஒட்டிக்கொண்டிருந்தன.

சிட்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். ஆரஞ்சுக் கோட்டின் மேல் அவள் பார்வை நின்றது. பிறகு மெல்லத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால்கூட மடிப்பக்கா தாங்கியிருப்பாள். வழி தெரியாத ஊரில் கடைசிப் பஸ்ஸும் போய்விட்டது என்று கேள்விப்பட்டவள்போல இருந்தது அந்த முகம்.

ஆலோசகர் முதலில் அப்பாவிடம் வந்தார்.

"சார், நீங்க 'எல்லாத்தையும் மனசுவிட்டுப் பேசிக்கிறோம்'ங்கிறதுக்கும் உண்மைன்னு போட்டிருக்கீங்க. 'முக்கியமானதைப் பேசாம தள்ளிப்போடறோம்'ங்கிறதுக்கும் உண்மைன்னே போட்டிருக்கீங்க."

அப்பா ஒரு கணம் யோசித்தார். "ரெண்டும் உண்மைதான் மேடம்" என்றார்.

ஆலோசகருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அப்பா சொல்லிவிட்டு, சீருடைச் சட்டையின் கைமடிப்பில் இருந்த கிரீஸ் கறையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

பிறகு ஆலோசகர் சிட்டுவின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். ஒரே வீட்டைப் பற்றி எழுதச் சொன்னால், மூன்று பேர் மூன்று வேறு வேறு வீட்டைப் பற்றி எழுதியதுபோல்தான் பொதுவாக இருக்கும் என்றார். அந்த இடைவெளியைப் பார்ப்பதற்குத்தான் இந்தத் தாளே. இவ்வளவு சீக்கிரத்தில் மூன்றும் ஒன்றாகிவிட்டது நல்ல விஷயம்தான், ஆனாலும் உன் வாயால் ஒருமுறை கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்றார்.

"இது நீ மனசுல நெனைச்சு எழுதினதுதானாம்மா?"

சொல்லிவிடு என்று மடிப்பக்காவின் ஒரு மனது கெஞ்சியது. சொல்லிவிடாதே என்று இன்னொரு மனது அதைவிட அதிகமாகக் கெஞ்சியது.

"ஆமா" என்றாள் சிட்டு. "நான் எழுதினதுதான்."

குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

அப்பாவின் முகம் மலர்ந்தது. மகளின் தலையில் கைவைக்கப் போனார். அதற்குள் அவருடைய போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர் அப்படியே எழுந்து நின்றார். எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோயிருக்கிறது, உள்ளே கைக்குழந்தையோடு ஓர் அம்மா மாட்டிக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் வேறு மெக்கானிக் யாரும் இல்லை. ஆலோசகர் போய்வரச் சொன்னார். அப்பா தன் கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய், மறுபடியும் திரும்பி அந்தப் படத்தைப் பார்த்தார். எதையோ சொல்ல வந்தவர்போல நின்றார். பிறகு, நல்லபடியாக முடித்துக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். போனால் போதும் என்றிருந்தது மடிப்பக்காவுக்கு. எங்கே போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. உதவிக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கின்றன, நீங்கள் இவ்வளவு தேறியிருப்பதால் இனி வாராவாரம் வரவேண்டியதில்லை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்கலாம் என்றார் ஆலோசகர். இடையில் ஏதாவது என்றால் கூப்பிடச் சொல்லி எண்ணைக் கொடுத்தார். சிட்டு அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். நன்றி என்றுகூடச் சொன்னாள்.

நினைத்தது நடந்துவிட்டது. பிள்ளையை யாரும் கொண்டுபோகப் போவதில்லை. மடிப்பக்கா மகளின் பின்னால் படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்தில் சிட்டு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் ஒரு செருப்புக் கடை, அடுத்து ஒரு மருந்துக்கடை. வெயில் தார் ரோட்டில் அலையலையாக எழும்பிக்கொண்டிருந்தது. மடிப்பக்கா மகளின் பக்கத்தில் போய் நின்றாள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடலாம்தான். மூன்று மாதமும் போய்விடும். ஆனால் மகளின் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் ஏறிக்கொண்டே போனது. அந்த நாள் காலையிலும் சிட்டு இப்படித்தான் அமைதியாக இருந்தாள். இப்படித்தான் எல்லாவற்றுக்கும் சரி என்றாள்.

"ஏன் அப்படிச் சொன்னே?" என்று கேட்டாள், சன்னமாக.

"எப்படி?"

"நீ எழுதினதுன்னு."

சிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு அதுதானேம்மா வேணும்."

"உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்டி. ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டாங்க. அதனாலதான் மாத்தினேன்."

"மாத்தினது பரவால்லம்மா." சிட்டு இப்போதுதான் திரும்பினாள். "நீ படிச்சிருக்கே இல்ல? ஒவ்வொண்ணா படிச்சுத்தானே அழிச்சிருப்பே. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு எழுதியிருந்தேனே, அதையும் படிச்சிருப்பே. அதுக்கப்புறம் எத்தனை தடவை என் ரூமுக்கு வந்தே. துணி எடுத்து வெச்சே. லைட்டை அணைச்சே. ஏன்டி அப்படி எழுதினேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

மடிப்பக்கா மகளின் பக்கம் இன்னும் நெருங்கி நின்றாள்.

"வாயால சொல்ல வரலேன்னுதான் அதுல எழுதினேன். யாராவது பார்த்துட்டுக் கேப்பாங்கன்னு. நீ பார்த்தே. அழிச்சிட்டே." அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "இனிமே எதுல போய்ச் சொல்றது?"

பஸ் வந்தது. கதவு திறந்தது. சிட்டு ஏறக் காலைத் தூக்கினாள்.

மடிப்பக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். வலிக்கிறது, விடு என்றாள் சிட்டு. விடவில்லை. மறுபடியும் மையத்துக்குப் போகலாம் வா என்றாள் அம்மா. நான் வரமாட்டேன், எல்லாம் முடிந்துவிட்டது என்றாள் மகள். பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் ஏறுகிறீர்களா இல்லையா என்று கேட்டார். ஊரே பார்த்தாலும் பார்க்கட்டும் என்று மடிப்பக்கா நடைபாதையிலேயே மகளின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பேசவேண்டாம். நான் பேசறேன். என் கண்ணு முன்னால நின்னா மட்டும் போதும். உன்னை இங்க விட்டுட்டு என்னால அந்தப் படி ஏற முடியாதுடி."

பஸ் போய்விட்டது. சிட்டு கையை உருவிக்கொள்ளவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. இழுத்த இழுப்புக்கு வந்தாள்.

மூன்றாம் மாடிக்கு ஏறுவதற்குள் மடிப்பக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆலோசகரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அடுத்த குடும்பம். வாழ்க்கையில் ஒரு வரிசையைக்கூட முந்தாதவள் அந்தக் கதவைத் தட்டினாள். பதில் வருவதற்குள் திறந்தும் விட்டாள். உள்ளே ஒரு கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பென்சிலோடு திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள்.

"மேடம், அந்தக் கோடு பொய்" என்றாள் மடிப்பக்கா. "அது என் பொண்ணு எழுதினது இல்ல. நான் அழிச்சுட்டு எழுதினது."

சொல்லி முடிக்கும் முன்பே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தெரியாத இருவருக்கு முன்னால், வேலைக்குப் போன அதே புடவையில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் அழுதாள். ஆலோசகர் அந்தத் தம்பதியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்துவந்தார். தாயையும் மகளையும் பக்கத்து அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழைய பெஞ்சு ஒன்றும் கோப்புகள் அடுக்கிய அலமாரியும் மட்டும் இருந்த சின்ன அறை. அவர் மடிப்பக்காவைத் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. எந்தெந்த வாக்கியத்தை மாற்றினீர்கள் என்று மட்டும் கேட்டார். தாங்க முடியாத நிலை வந்தால் என்று தொடங்குகிற வாக்கியத்தை அவள் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது.

"என் தப்பும் இருக்கு" என்றார் மெதுவாக. "பேப்பரை நம்பி உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. ஒவ்வொருத்தரையும் தனியா உக்காரவெச்சுக் கேட்டிருக்கணும்."

பிறகு அவர் சிட்டுவுக்கு முன்னால் மண்டியிட்டதுபோல் குனிந்து உட்கார்ந்தார். அம்மா இருக்கட்டுமா, வெளியே போகட்டுமா என்று கேட்டார். சிட்டு, இருக்கட்டும் என்றாள்.

"உயிரோட இருக்கவேண்டாம்னு இப்பவும் தோணுதா?"

யாரும் இதுவரை அதை இப்படி நேராகக் கேட்டதில்லை. மடிப்பக்கா பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"தோணும்."

"எப்பல்லாம்?"

"தினமும்."

"இன்னிக்கு?"

சிட்டு அம்மாவைப் பார்க்கவில்லை. "அந்தப் படத்தைப் பார்த்ததுலேருந்து அதுதான் ஓடிக்கிட்டிருக்கு."

இன்றைக்கே டாக்டர் பார்க்கவேண்டும், சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டி வரலாம், அப்பாவும் உடனே வந்தாக வேண்டும் என்று ஆலோசகர் சொன்னார். எதற்குப் பயந்து ரப்பரை எடுத்தாளோ அது இப்போது அவள் வாயாலேயே நடந்துவிட்டது.

"மேடம், அங்க இவளைத் தனியா விட்டுட்டுத்தான் வரணுமா?"

"எதுக்குத் தனியா? நீங்க கூடவே இருக்கலாம்மா. பக்கத்துலேயே படுத்துக்கலாம்."

இதை அன்றைக்கே ஆஸ்பத்திரி நடைபாதையில் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்க அவளுக்கு வாய் வந்திருக்கவில்லை. மடிப்பக்கா மகளின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏன்டி அப்படி எழுதினே?" என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.

சிட்டு பதில் சொல்ல வாயெடுத்தாள். அப்போது மடிப்பக்காவின் பையில் போன் அடித்தது. அவளுடைய வீட்டுக்காரர்.

அந்த அம்மாவும் குழந்தையும் பத்திரமாக வெளியே வந்துவிட்டார்கள், குழந்தை இந்தக் கூத்து எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது என்றார் அவர். குரலில் களைப்பு. பின்னால் காற்று இரைந்தது. அங்கே எல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று கேட்டார்.

ஆமாங்க என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

"இல்லங்க" என்றாள். "நல்லபடியா முடியல. நான் அவ பேப்பரை அழிச்சு எழுதிட்டேன். அவளுக்கு இன்னும் சாகணும்னுதான் இருக்காம். தினமும் இருக்காம். நாம யாருமே பார்க்கல. நீங்க உடனே இங்க வாங்க."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. காற்று மட்டும் இரைந்தது. லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"அவகிட்ட குடு" என்றார் அவர்.

சிட்டு போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். முதலில் அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பிறகு புருவம் சுருங்கியது. பெஞ்சிலிருந்து மெல்ல எழுந்து நின்றாள்.

"உங்களுக்குமாப்பா?" என்றாள்.

மடிப்பக்கா மகளின் முகத்தையே பார்த்தாள்.

"எப்போலேருந்து?... அம்மாவுக்குத் தெரியுமா?... இல்லப்பா, நான் இல்லேன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்கன்னு நான் நெனைச்சேன். நீங்களும் உங்களைப் பத்தி அதையே நெனைச்சிருக்கீங்க." அவள் குரல் முதல்முறையாக உடைந்தது. சட்டென்று தலையை நிமிர்த்தினாள். "அப்பா, ஏன் இவ்வளவு காத்து அடிக்குது? எங்க இருக்கீங்க?"

அவர் என்ன சொன்னாரோ, சிட்டுவின் மறுகை காற்றில் துழாவி அம்மாவின் தோளைப் பிடித்தது.

"மொட்டை மாடியில ஏன்ப்பா? வேலைதான் முடிஞ்சிடுச்சே."

ஆலோசகர் அதற்குள் தன் போனை எடுத்துவிட்டார். பேச்சை நிறுத்தாதே என்று சிட்டுவுக்குக் கையால் காட்டிவிட்டு, மடிப்பக்காவிடம் குனிந்து, எந்தக் கட்டடம் என்று கேட்டார்.

மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் சொல்வார்கள் என்றாள். கம்பெனியின் பெயரைச் சொன்னாள். ஆலோசகர் எண்ணைத் தேடி அழுத்திக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினார்.

சிட்டு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்து போன்மேல் இறங்கியது. அதை அவள் துடைக்கவில்லை.

"அப்பா, நீங்க ஒண்ணும் பதில் சொல்லவேண்டாம். நான் கேக்கறேன். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க. முதல்ல அந்த லிஃப்ட் மோட்டார் ரூம் கதவுகிட்ட வந்து உக்காருங்க. வந்துட்டீங்களா? அப்பா? உக்காந்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

அவள் காத்திருந்தாள். மடிப்பக்கா எழுந்து வந்து, மகளின் காதோடு காதை வைத்து, போனில் காற்றைத் தவிர வேறேதாவது சத்தம் வருகிறதா என்று உற்றுக் கேட்டாள்.